ரைபிள் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வாங்கியதிலிருந்து நம் வீடுகளிலும் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. "உம்மா, நானும் ஷூட்டிங்கில் சேரட்டுமா?" பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "உனக்கு வேறு விளையாட்டே கிடைக்கலையா?"

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் பயத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். துப்பாக்கி என்ற சொல்லோடு ஒரு முஸ்லிம் பெயர் சேர்ந்தால் செய்தித்தாள்கள் எப்படி எழுதும், அக்கம்பக்கம் எப்படிப் பேசும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "கிரிக்கெட் ஆடு, கராத்தே படி, இது மட்டும் வேண்டாம்" என்று ஒரு தாய் சொன்னால் அது அறியாமையால் சொல்வது அல்ல, அனுபவத்தால் சொல்வது. ஆனால் ரைபிள் கிளப் என்றால் என்ன, உள்ளே என்ன நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு "வேண்டாம்" என்று சொல்வது வேறு. தெரியாமல் சொல்வது வேறு. தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நகர ரைபிள் கிளப்புக்குப் போய்ப் பார்த்தோம். சினிமாவில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். நூலகம் போன்ற அமைதி. நீண்ட ஒரு கூடம், ஒரு பக்கம் வரிசையாக நிற்கும் பிள்ளைகள், 10 மீட்டர் தள்ளி எதிர்ச் சுவரில் உள்ளங்கை அளவு அட்டைகள். அவ்வப்போது "டப்" என்று ஒரு சிறு சத்தம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் விறைப்பான கனத்த ஜாக்கெட் அணிந்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு தம்பி பத்தே நிமிடத்தில் சலிப்படைந்து வெளியே போய்விட்டான்.

அந்தப் பிள்ளைகள் சுடுவது ஏர் ரைபிள். வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளுகிறது. அதைப் பெல்லட் என்பார்கள். ரைபிள் போட்டிக்கான அட்டையில் உள்ள வளையங்களின் மொத்த அகலமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் 10 மதிப்பெண்ணுக்கு உரிய இடம் ஒரு புள்ளி, அரை மில்லிமீட்டர். அதை 10 மீட்டரில் நின்று வெறும் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். அந்தப் புள்ளியின் மையத்திலேயே குண்டு பட்டால் 10.9. போட்டியின் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். ரைபிளின் எடை ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அதைத் தூக்கி, நின்று, மூச்சை அடக்கி, நெஞ்சின் துடிப்பு கையை அசைக்காத நொடிக்காகக் காத்திருந்து விசையை அழுத்த வேண்டும். இதை 60 முறை செய்ய வேண்டும். ஏர் பிஸ்டல் என்றால் ஒரு கைதான், இன்னொரு கையைத் துணைக்குக் கொண்டுவரக் கூடாது.

அதனால்தான் இந்த விளையாட்டில் வலுவானவனை விடப் பொறுமையானவன் ஜெயிக்கிறான். துருதுருவென்று இருக்கும் பிள்ளையைச் சேர்த்தால் அடங்கிவிடுவான் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதும் உண்டு, ஒரு மாதத்தில் ஓடிவிடுவதும் உண்டு. பிள்ளையின் சுபாவம் பெற்றோருக்குத்தான் தெரியும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே குண்டு கொடுத்துவிட மாட்டார்கள். நிற்கும் முறை, பிடிக்கும் முறை, மூச்சு ஆகியவற்றைக் கற்ற பிறகு, குண்டு இல்லாமல் வெறும் விசையை அழுத்திப் பழகும் பயிற்சி. இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பாதுகாப்பு விதிகள். துப்பாக்கியின் முனை எந்நேரமும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். குறி வைக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழாய்க்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீண்ட நாடா செருகப்பட்டிருக்க வேண்டும், குண்டு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். "ஸ்டாப்" என்று குரல் வந்த மறுகணம் எல்லோரும் நிறுத்த வேண்டும். குண்டு இல்லாத துப்பாக்கிதானே என்று விளையாட்டாக நண்பன் பக்கம் திருப்பினால், அன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் பார்த்த கோச் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தினார்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்ட வேண்டாம், ஷைத்தான் கையைத் தவறச் செய்துவிடக்கூடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அம்புகளோடு பள்ளிவாசலையோ கடைவீதியையோ கடப்பவர், யாருக்கும் காயம் படாமல் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார்கள். ரேஞ்சில் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகள் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதியவை அல்ல என்று சொல்லிக்கொடுக்கலாம்.

குறிபார்த்து எய்வதை நபி (ஸல்) அவர்கள் ஊக்கப்படுத்தியதும் நமக்குத் தெரிந்ததே. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, "நான் இந்த அணியோடு" என்று நபியவர்கள் சொல்ல, மற்ற அணியினர் எய்வதை நிறுத்திவிட்டார்கள். நபியவர்கள் எதிரணியில் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்று கேட்டார்கள். அப்படியானால் உங்கள் எல்லோருடனும் நான் இருக்கிறேன் என்று சொன்னார்கள். போட்டி மனப்பான்மையும் அன்பும் ஒன்றாக இருந்த ஓர் இடம் அது.

இன்னொரு விஷயத்தையும் பேச வேண்டும். "ஸ்போர்ட்ஸ்மென்" கிளப் என்ற பழைய பெயரில் அந்த "ஸ்போர்ட்" வேட்டையையே குறித்தது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் காட்டுக்குப் போய்ச் சுட்ட காலம் அது. ஐரோப்பாவில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவது ஒரு விளையாட்டாகவே இருந்தது, 1900-ல் பாரிஸில் ஒலிம்பிக் நடந்தபோதும் அது நடந்தது. காலப்போக்கில் புறாவின் இடத்தைக் களிமண் தட்டு பிடித்தது. இன்றும் அதற்குக் "களிமண் புறா" என்றே பெயர். 11 சென்டிமீட்டர் அகலமும் நூறு கிராமுக்குச் சற்று அதிகமான எடையும் உள்ள தட்டு. இயந்திரம் அதை வானில் வீச, ஷாட்கன்னால் சுட்டு உடைக்க வேண்டும். ட்ராப், ஸ்கீட் என்ற போட்டிகள் இவைதான். இந்தியாவில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. உயிருள்ள ஒன்றை இலக்காக வைத்துப் பழகுவதை நம் மார்க்கம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தடுத்திருக்கிறது. பறவை ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்து கொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று மைனாவையும் கிளியையும் ஏர்கன்னால் சுடும் பையன்கள் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம். அது விளையாட்டும் அல்ல, சட்டப்படி சரியும் அல்ல.

களிமண் தட்டு சுடுவதில் நம் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் மைராஜ் அஹ்மத் கான் முக்கியமானவர். உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா ஊர்க்காரர். ஸ்கீட் பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அது 2016 ரியோ. டோக்கியோவிலும் கலந்துகொண்டார். 2022-ல் தென் கொரியாவின் சாங்வான் உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 46. கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தமிழகத்திலிருந்து புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் கலந்துகொண்டார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்றவர்.

வளைகுடாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கியபோது, அவருக்கு மேலே தங்கத்தோடு நின்றவர் துபாயின் அஹ்மத் அல் மக்தூம். அமீரகத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. குவைத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2000-ல் வாங்கித் தந்த ஃபுஹைத் அல் தைஹானியும் துப்பாக்கி சுடும் வீரர்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

1959-ன் ஆயுதச் சட்டமும் 2016-ன் ஆயுத விதிகளும் இந்தியாவில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. வெடிமருந்துத் துப்பாக்கி எதுவானாலும், 0.22 ரைபிள் உட்பட, லைசென்ஸ் வேண்டும். 21 வயது நிறையாதவருக்குச் சொந்தமாக லைசென்ஸ் கிடையாது. பயிற்சிக்காக, விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி இளையவர்கள் பயன்படுத்த மட்டும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தொடக்கத்தில் இதெல்லாம் உங்கள் பிள்ளைக்குத் தேவையே இல்லை. ஏனென்றால் 10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் ஆகியவை 0.177 அளவும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ளவை. அவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்குபவரின் அடையாள ஆவணத்தைக் கடைக்காரர் பதிவு செய்துகொள்வார்.

லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. அருகிலிருந்து பட்டால் கண் போய்விடும். ஏர் ரைபிள் வாங்கியவர் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கிளப்புக்கு எடுத்துப்போகும்போது மூடிய பையில், குண்டு இல்லாமல், கிளப் அட்டையோடு எடுத்துப்போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடம் "ஒரு ஏர்கன் வாங்கி வாங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள், விமான நிலையச் சுங்கத்தில் அவர்தான் மாட்டிக்கொண்டு நிற்பார். ரேஞ்சுக்குப் போய் வந்த பையையும் சட்டைப் பையையும் பயணத்துக்கு முன் ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள். மறந்துபோன ஒரே ஒரு 0.22 தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தின் கீழ் விசாரணை வரை போகும். நல்ல எண்ணம் உள்ளவர்களும் இப்படி மாட்டியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்காக வானில் சுடுவது நம் பக்கத்து வழக்கம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அப்படிச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம். ஒரு தாய் எங்களிடம் நேராகவே கேட்டார். "கிளப்பில் சேர்த்தால் போலீஸ் வெரிஃபிகேஷன் வருமாமே. நம்ம பிள்ளை பேர் ஸ்டேஷன்ல ஏறிடாதா?"

நாம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பல கிளப்புகள் உறுப்பினர் சேர்க்கையில் முகவரி, அடையாள ஆவணங்கள், போலீஸ் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கேட்கத்தான் செய்கின்றன. பாஸ்போர்ட்டுக்கும் இதே சரிபார்ப்பு நடக்கிறது. நம் வீடுகளில் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் குறைவு, அதற்காக யாரும் பயப்படுவதில்லை. தமிழகத்தில் பல ரைபிள் கிளப்புகள் காவல்துறையோடு சேர்ந்தே இயங்குகின்றன, காவல்துறை உயரதிகாரிகள் பொறுப்பில் இருக்கும் கிளப்புகளும் உண்டு. அங்கே உங்கள் பிள்ளை எந்த நாளில் வந்தான், என்ன சுட்டான் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். நாம் இதைப் பாதுகாப்பாகவே பார்க்கிறோம். பதிவேடு, கோச், கேமரா எல்லாம் உள்ள ஒரு கூடத்தில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி பெறும் பிள்ளையின் கணக்கு திறந்த புத்தகம். தென்னந்தோப்பில் நண்பனின் ஏர்கன்னை வைத்துச் சுட்டுப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் நாளை யாராவது கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

பிரச்சினை பெரும்பாலும் கிளப்பில் இல்லை, கைபேசியில்தான். ரைபிளைக் கையில் பிடித்து, சினிமா வசனம் போட்டு, பின்னணியில் பாட்டு வைத்து ஸ்டேட்டஸ் போடுவது. பதினைந்து வயதுப் பையனுக்கு அது வெறும் கெத்து. அதை வெட்டி எடுத்து வேறு தலைப்போடு பரப்ப ஒருவன் போதும். இது நியாயமா என்றால் இல்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் போடும் அதே படத்துக்கு நம் பிள்ளை விலை கொடுக்க வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனால் அநியாயம் என்று தெரிந்த பிறகும் பிள்ளையை அதற்குள் தள்ள முடியாது. அட்டையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம், பதக்கத்தோடு எடுத்த படம், சான்றிதழ் ஆகியவற்றைத் தாராளமாகப் போடட்டும். ஆயுதத்தைக் காட்டும் படம் வேண்டாம் என்று சேர்க்கும் நாளிலேயே பேசிவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர்கள் கேட்பது உடையைப் பற்றி. இந்த விளையாட்டில் நம் பெண்களுக்கு உள்ள வசதி வேறு பல விளையாட்டுகளில் இல்லை. ரைபிள் பிரிவில் கழுத்திலிருந்து கால் வரை மூடிய கனத்த ஜாக்கெட்டும் பேன்ட்டும்தான் போட்டி உடை. தலையை மூடிக்கொண்டு சுடத் தடையில்லை. ஈரானில் புரட்சிக்குப் பிறகு ஒலிம்பிக்குக்குப் போன முதல் பெண் லிதா ஃபரிமான், 1996 அட்லாண்டாவில் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டவர். அந்நாட்டின் கொடியை ஏந்தி நடந்தவரும் அவர்தான். மலேசியாவின் நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்டார். கோச் ஆணாக இருந்தால் பயிற்சி நேரத்தில் பெற்றோர் உடன் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த கிளப்பில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உம்மாமார்கள் உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள்.

உடல்நலம் பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் பலரும் கவனிக்காதது. பெல்லட் ஈயம். ஈயம் பிள்ளைகளின் உடலுக்கு ஆகாது. ரேஞ்சுக்குள் சாப்பிடக் கூடாது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அறவே கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டிஃபன் டப்பாவைத் திறக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, வெடிமருந்துத் துப்பாக்கி சுடும் இடத்தில் காதுக்கு அடைப்பான் கட்டாயம்.

செலவு? மறைக்க முடியாது, இது ஏழை விளையாட்டு அல்ல. போட்டித் தரமான வெளிநாட்டு ஏர் ரைபிளின் விலை லட்சங்களில் போகும். ஜாக்கெட், பேன்ட், ஷூ தனி. ஆனால் முதல் வருடத்தில் எதையும் வாங்க வேண்டியதில்லை. கிளப் ரைபிளும் கிளப் ஜாக்கெட்டும் போதும். பிள்ளை ஒரு வருடம் விடாமல் போனால் அப்போது யோசிக்கலாம். இன்னொரு வழியும் உண்டு, நாம் அதிகம் பயன்படுத்தாத வழி. பள்ளி, கல்லூரிகளில் உள்ள என்.சி.சி. அங்கே 0.22 ரைபிள் சுடப் பயிற்சி தருகிறார்கள், நன்றாகச் சுடுபவர்களைத் தேர்ந்தெடுத்துப் போட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்குச் செலவு இல்லை. நம் சமுதாயக் கல்லூரிகளிலும் என்.சி.சி. பிரிவுகள் இருக்கின்றன, அதில் நம் பிள்ளைகள் சேரட்டும்.

திறமை உள்ள பிள்ளைக்குப் பாதை தெளிவாகவே இருக்கிறது. கிளப் போட்டி, மாநிலப் போட்டி, தென் மண்டலம், பிறகு அகில இந்திய மவ்லங்கர் போட்டி, அதில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால் தேசியப் போட்டி. 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தை முன்னின்று உருவாக்கியவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மவ்லங்கர், போட்டிக்கு அவர் பெயர். இங்கே சிபாரிசுக்கு அதிக இடமில்லை. அட்டையில் விழுந்த ஓட்டைக்குப் பெயர் தெரியாது, மதம் தெரியாது.

போட்டிகளில் நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் உண்டு. அம்பெய்தல் போட்டிக்குப் பரிசு அனுமதிக்கப்பட்டதாக ஹதீஸ் இருக்கிறது. ஆனால் போட்டியாளர்களின் பணத்தையே திரட்டிப் பரிசாகக் கொடுக்கும் சின்னச் சின்னப் பந்தயங்கள் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் பிள்ளையோடு போய் உட்கார்ந்து பாருங்கள். கிளப் மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா, கோச் யார், ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், ஆயுதங்களை எங்கே பூட்டி வைக்கிறார்கள், பயிற்சி நேரத்தில் ஜும்ஆவோ அஸரோ வந்தால் பிள்ளையை விடுவார்களா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கிளப்பில் சேருங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, புகைப்படங்களை ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொண்டால் அன்றைக்கே படிவம் கொடுத்துவிட்டு வரலாம்.

எங்களிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் மகள் வீட்டுச் சுவரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நீட்டிய கையில் பிடித்து, அசையாமல் எத்தனை நொடி நிற்க முடிகிறது என்று தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறாளாம். போன வாரம் நாற்பதைத் தாண்டிவிட்டாள் என்று அவரே சொன்னார்.